ஊசல் காட்டிக்கொடுத்த பிழை: மண்டபத்தில் ஒரு பழைய கணினியின் வீடியோப் பதிவைச் சீர்செய்த நிகழ்வு ஆய்வு

மண்டபத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டில், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கான பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து வருகிறார். தந்தையோடு நாட்டுப்படகில் கடலுக்குப் போய்விட்டு வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளை மனத்தில் வைத்து 2025 ஜனவரியில் அவர் தொடங்கிய வேலை இது. பதிவான பாடங்கள் பென்டிரைவில் ஏறி, ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, தெருத்தெருவாகப் போய்ச் சேர்கின்றன. ஜூலைத் தொடக்கத்தில் அவர் என்னை அழைத்தபோது கணினி மெதுவாக ஓடுகிறது என்று சொல்லவில்லை. மாணவர்கள் கணக்கிட்ட ஈர்ப்பு முடுக்கம் தவறாக வருகிறது என்றார்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் தனி ஊசல் சோதனையைப் படம் பிடித்திருந்தார். தங்கூசி என்னும் நைலான் நரம்பில் கட்டிய இரும்புக் குண்டு, பின்னால் செங்குத்தாக நிறுத்திய நீண்ட அளவுகோல், அசையாமல் நிற்கும் கேமரா, அவ்வளவுதான் ஏற்பாடு. 1 மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்த் திரும்புவதற்கு ஏறத்தாழ 2.006 வினாடி எடுக்கும். வினாடிக்கு 30 பிரேம் (அசையாத தனிப்படம்) வீதம் பதிவான வீடியோவை மாணவர்கள் பிரேம் பிரேமாக நகர்த்தி, குண்டு நடுக்கோட்டைக் கடக்கும் பிரேம்களை எண்ணி, அலைவு நேரத்தைக் கண்டு, அதிலிருந்து 9.8 என்ற விடைக்கு அருகில் வந்து சேர வேண்டும். மார்ச்சில் எடுத்த முதல் வீடியோவில் பெரும்பாலானவர்கள் அப்படியே வந்து சேர்ந்தார்கள். ஜூனில் புதிய வகுப்புக்காக மீண்டும் எடுத்த வீடியோவிலோ ஒருவருக்கு 9க்குக் கீழே, இன்னொருவருக்கு 11ஐ நெருங்கி என்று விடைகள் சிதறின.

"கணக்கை நான் மூணு தடவை சரிபார்த்துட்டேன் தம்பி, பிள்ளைக மேல தப்பு இல்ல. படத்துலதான் ஏதோ இருக்கு" என்றார் டீச்சர். அந்த முடிவு சரியானது என்பதைப் பத்து நிமிடத்தில் என்னாலும் பார்க்க முடிந்தது. ஜூன் வீடியோவில் குண்டு சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று பிரேம் வரை உறைந்து நின்று, பிறகு துள்ளி முன்னே போயிற்று. மூன்று பிரேம் என்பது 0.1 வினாடி. அலைவு நேரத்தை 2.1 வினாடி என்று எடுத்தவருக்கு ஈர்ப்பு முடுக்கம் 8.95 என்றும், 1.9 என்று எடுத்தவருக்கு 10.94 என்றும் கிடைக்கும். பாடம் நடத்தும் முகம் ஒரு கணம் உறைந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். அளவெடுப்பதற்கென்று எடுத்த படம் உறைந்தால் அது படமே அன்று என்பதுதான் என் கருத்து. இந்த வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்ததற்கும் அதுவே காரணம்.

கணினி

2012ல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. இன்டெல் எச்61 வகை மதர்போர்டு. இரண்டு கோரும் (கணக்கிடும் பகுதி) நான்கு திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) கொண்ட, 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கோர் ஐ3 2120 பிராசஸர். 2 ஜிபி அளவுள்ள ஒரே ஒரு டிடிஆர்3 ரேம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2000தான் திரைக்குப் படம் வரைகிறது. விண்டோஸ் 10ம் அதன்மேல் ஓபிஎஸ் பதிவு மென்பொருளும் இயங்கின. ஜன்னலோரம் மேசைக்கடியில், தரையோடு தரையாக அது வைக்கப்பட்டிருந்தது.

நான் போவதற்கு முன்பே டீச்சருக்கு இரண்டு யோசனைகள் வந்துவிட்டன. ஒரு கடைக்காரர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 38,000 ரூபாய்க்குப் புதிதாக வாங்கச் சொன்னார். உறவினர் ஒருவர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) மாட்டினால் எல்லாம் சரியாகும் என்றார். இரண்டாவது யோசனையை நானும் முதலில் நம்பினேன். பழைய கணினி என்றதும் கை தானாக ஹார்ட் டிஸ்க்கின் பக்கம்தான் போகிறது. ஆனால் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. சுருக்கப்பட்ட வீடியோ வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிவாகிறது என்றால் டிஸ்க்கில் எழுத வேண்டியது வினாடிக்கு 1 மெகாபைட் மட்டுமே. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் அதைப் போலப் பல பத்து மடங்கு வேகத்தில் எழுதும். ஆகவே பதிவு திக்குவதற்கு எழுதும் வேகம் காரணமாக இருக்க முடியாது. புதிய கணினி என்ற யோசனையையும் ஒத்திவைத்தோம். மார்ச்சில் ஒழுங்காக வேலை செய்த அதே கணினி ஜூனில் கெட்டது என்றால், மூன்று மாதத்தில் மாறியது என்ன என்று கேட்பதுதான் முறை.

கைபேசியிலேயே படம் பிடிக்கலாமே என்ற கேள்வியும் எழுந்தது. டீச்சரின் பாடத்தில் ஸ்லைடு, பேனா டேப்லெட்டில் எழுதும் கையெழுத்து, சோதனை மேசை ஆகிய மூன்றும் ஒரே திரையில் ஒன்றாக வர வேண்டும். அதோடு, பெரும்பாலான கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் பிரேம் வேகத்தை இடையிடையே மாற்றிக்கொள்கின்றன. பிரேமை எண்ணிக் காலத்தை அளக்கப் போகும் மாணவருக்கு அது ஆகாது.

எண்கள் பூச்சியம், படம் மட்டும் துள்ளல்

ஓபிஎஸ் மென்பொருளில் புள்ளிவிவரச் சாளரம் ஒன்று உண்டு. பிரேம்கள் எங்கே தொலைகின்றன என்பதை அது மூன்று கணக்குகளாகப் பிரித்துக் காட்டுகிறது. கிராபிக்ஸ் பகுதி திரையைக் கோத்து வரைய நேரம் போதாமல் தவறவிட்டவை ஒன்று. வரைந்த படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் பின்தங்கியதால் தவிர்க்கப்பட்டவை இன்னொன்று. இணைய ஒளிபரப்பில் வழியில் விடுபட்டவை மூன்றாவது. பதிவு மட்டும் செய்பவருக்கு மூன்றாவது தேவையில்லை. முதல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான பாகத்தை வாங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஆனால் அந்தச் சாளரத்துக்குத் தெரியாத நான்காவது இடம் ஒன்று உண்டு. ஓபிஎஸ் தனக்குச் சொல்லப்பட்ட 30 பிரேம் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். கேமரா 15 பிரேம் மட்டுமே அனுப்பினால் ஒவ்வொன்றையும் இருமுறை எழுதிவிட்டு, எதுவும் தவறவில்லை என்று பூச்சியம் காட்டும். இதைச் சோதிக்க, கைபேசியில் ஓடும் ஸ்டாப்வாட்சைக் கேமராவின் முன் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்தேன். விஎல்சி என்னும் வீடியோ இயக்கியில் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தபோது, நூறில் ஒரு பங்கு வினாடியைக் காட்டும் இலக்கங்கள் ஒவ்வொன்றும் இரண்டு பிரேம்களில் ஒரே மாதிரி நின்றன. கேமரா பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் ஜன்னல். ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கடலிலிருந்து வரும் வெளிச்சத்தில் டீச்சர் பதிவு செய்திருக்கிறார். ஜூனில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்ததும் மணலும் உப்பும் உள்ளே வருகின்றன என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். காற்றின் இரைச்சல் மைக்கில் விழுவதற்கும் அஞ்சினார். அறை இருண்டது. இருளைக் கண்ட வெப்கேம், தானியங்கி ஒளியமைப்பின் கட்டளைப்படி, ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கத் தொடங்கியது. பதினைந்தில் ஒரு பங்கு வினாடி திறந்திருக்கும் கண்ணால் வினாடிக்கு 15 பிரேமுக்கு மேல் கொடுக்க இயலாது.

துள்ளலோடு மங்கலும் சேர்ந்தது. 10 சென்டிமீட்டர் வீச்சில் ஆடும் 1 மீட்டர் ஊசல் நடுக்கோட்டைக் கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். பதினைந்தில் ஒரு பங்கு வினாடியில் குண்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அத்தனை தூரமும் ஒரே இழுப்பாகப் படத்தில் பதியும். நடுக்கோட்டை அது எப்போது கடந்தது என்று மாணவர் எப்படிச் சொல்வார்?

20 வாட் எல்இடி பட்டை விளக்கு ஒன்றைச் சோதனை மேசைக்கு மேலே மாட்டினோம். முதலில் வாங்கிய மலிவான விளக்கின் ஒளி துடித்ததால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடின. மாற்றி வாங்கிய விளக்கில் அந்தக் குறை இல்லை. கேமராவின் தானியங்கி ஒளியமைப்பை நிறுத்தி, திறப்பு நேரத்தை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு வினாடியாக நானே வைத்தேன். நம் மின்சாரத்துக்கு ஏற்ப ஒளித்துடிப்பு அமைப்பை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். குண்டின் இழுப்பு அரை சென்டிமீட்டராகக் குறைந்தது. ஸ்டாப்வாட்சின் இலக்கங்கள் பிரேமுக்குப் பிரேம் மாறின.

இதே இடத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வெப்கேம் யுஎஸ்பி 2.0 வகை. 1920க்கு 1080 அளவுள்ள படத்தைச் சுருக்காமல் வினாடிக்கு 30 பிரேம் அனுப்ப வேண்டுமானால் வினாடிக்கு ஏறத்தாழ 124 மெகாபைட் ஓட வேண்டும். யுஎஸ்பி 2.0ன் உச்ச அளவோ ஏட்டளவில்கூட 60 மெகாபைட்தான். ஆகவே பெரிய படம் வேண்டுமென்றால் கேமராவை எம்ஜேபெக் என்னும் சுருக்கிய வடிவத்தில் அனுப்பச் சொல்ல வேண்டும். அதை விரித்தெடுக்கும் வேலை பிராசஸரின் தலையில் விழும். கேமரா செருகப்பட்டிருந்த முன்பக்கத் துளையின் தகடு துருவேறி இருந்ததால், மதர்போர்டிலேயே அமைந்த பின்பக்கத் துளைக்கு அதை மாற்றினேன்.

உப்பும் சூடும்

கேமராவைச் சரிசெய்த பிறகு 720 வரி அளவில் (1280க்கு 720 புள்ளி) 20 நிமிடப் பாடம் ஒன்றை டீச்சர் முழுமையாக நடத்திப் பதிவு செய்தார். மொத்தம் 36,000 பிரேம்கள். அவற்றில் என்கோடர் தவிர்த்தவை 2,300; கிராபிக்ஸ் தவறவிட்டவை 1,480. இந்த மொத்தத் தொகையைக் காட்டிலும், எண்கள் ஏறிய விதம்தான் எனக்கு வழிகாட்டியது. முதல் 7 நிமிடங்களில் என்கோடர் தவிர்த்தவை 40 மட்டுமே. அதன் பிறகு கணக்கு நிற்காமல் ஓடியது. வலுவில்லாத பிராசஸராக இருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே திணறியிருக்கும். 7 நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுவது சூட்டின் குணம். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து மீண்டும் ஓட்டியபோது, 90 டிகிரியைத் தாண்டிய சிறிது நேரத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகம் படிப்படியாக இறங்கி 1.6 வரை வந்தது. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தபோது கண்டதை இந்தக் கரையில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கிடையே மெல்லிய மணலும் நூலும் சேர்ந்து பாய் போலப் படிந்திருந்தன. தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உப்பு அரித்த அலுமினியம் அது. ஃபேன் சுழன்றது, ஆனால் காற்று மறுபக்கம் வரவில்லை. பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த, 13 ஆண்டுக்கு முந்தைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பயன்படும், ஏனென்றால் உள்ளூரில் வறண்ட ஊர்களின் முறையையே இங்கும் பின்பற்றுகிறார்கள். தூசை ஊதித் தள்ளிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பது அந்த முறை. எண்ணெய்ப் பசையையும் பழைய பேஸ்ட்டையும் ஆல்கஹால் எடுத்துவிடும்; ஆனால் உப்பு அதில் கரைவதே அரிது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். உப்பை அப்படியே விட்டுவிட்டால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போதெல்லாம் அது நீரை உறிஞ்சித் தானே கரைசலாகி, பலகையின் மேல் மின்சாரம் கசியும் மெல்லிய படலமாக மாறும். மண்டபத்தில் இரவுகளில் அந்த அளவை எட்டுவது வழக்கமான நிகழ்ச்சி.

ஆகவே ஹீட் சிங்க்கைக் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவினேன். குழாய்த் தண்ணீர் கூடாது; இந்தப் பகுதியில் அதிலும் உப்பு உண்டு. மதர்போர்டைக் கழுவவில்லை. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, பஞ்சுக்குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, வெண்படலம் தெரிந்த இடங்களை மட்டும் ஒற்றி எடுத்து, அதன் பிறகே ஆல்கஹாலால் துடைத்தேன். ஆல்கஹால் மிச்ச நீரையும் இழுத்துக்கொண்டு உலர்கிறது. ரேமின் பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். எல்லாவற்றையும் ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு மறுநாள் மாலையில்தான் பூட்டினேன். டீச்சருக்குப் பொறுமை இருந்தது. அவசரப்படுத்தியிருந்தால் நானே மறுத்திருப்பேன்.

புதிய பேஸ்ட் பூசி அதே 20 நிமிடப் பாடத்தை ஓட்டியபோது வெப்பநிலை 70ஐத் தொடவில்லை. என்கோடர் தவிர்த்த பிரேம்கள் 2,300லிருந்து 210க்கு வந்தன. செலவு 300 ரூபாய். கிராபிக்ஸ் தவறவிட்டவை மட்டும் அசையாமல் 1,480ஐ ஒட்டியே நின்றன. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணினியின் இடத்தையும் மாற்றினோம். ஜன்னலோரத் தரையிலிருந்து உள்சுவர்ப் பக்கம் ஒன்றரை அடி உயரப் பலகைக்கு அது போயிற்று. தூசு படாமலிருக்க மூடிவைக்கும் பிளாஸ்டிக் உறையைக் கணினி சூடாக இருக்கும்போது போட வேண்டாம் என்றும், பாடம் எடுக்காத நாளிலும் அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் காயும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றை ரேமின் கதை

கிராபிக்ஸ் தவறவிட்ட 1,480 பிரேம்களும் ஒரே சீராகத் தவறவில்லை. டீச்சர் ஸ்லைடை மாற்றும்போதும், பேனா டேப்லெட்டில் எழுதத் தொடங்கும்போதும் கொத்துக் கொத்தாகத் தவறின. அந்த டேப்லெட்டும் ஏப்ரலுக்குப் பிறகு வந்ததுதான்; மார்ச் வீடியோவில் அது இல்லை. 64 பிட் விண்டோஸ் 10 இயங்குவதற்கே குறைந்த அளவாக 2 ஜிபி ரேம் வேண்டும். இங்கே அந்த 2 ஜிபிக்குள் விண்டோஸும், ஓபிஎஸ்ஸும், ஸ்லைடு மென்பொருளும் இருந்தன. போதாததற்கு, சொந்த நினைவகம் இல்லாத எச்டி 2000 கிராபிக்ஸும் அதிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொண்டது. இடம் போதாமல் விண்டோஸ் பழைய பக்கங்களை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தது. டிஸ்க் 100 விழுக்காடு வேலையில் இருப்பதாக டாஸ்க் மேனேஜர் காட்டியது இதனால்தான். உறவினர் எஸ்எஸ்டி சொன்னதற்கும் இந்தக் காட்சியே காரணமாக இருந்திருக்கும். டிஸ்க் படும் பாடு உண்மை. ஆனால் அதைப் பாடாய்ப் படுத்தியது ரேமின் பற்றாக்குறை.

அளவு மட்டுமன்றி எண்ணிக்கையும் முக்கியம். டிடிஆர்3 1333 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 10.6 ஜிகாபைட் வரை தரவு ஓடும். ஒரே மாதிரியான இரண்டை இரண்டு துளைகளிலும் மாட்டினால் இரு பாதைகளும் சேர்ந்து 21 ஜிகாபைட்டைத் தாண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் திரை வரைதலும் கணக்கிடுதலும் ஒரே ரேமுக்குப் போட்டியிடும் இத்தகைய கணினியில், 8 ஜிபி ஒற்றை ரேமைவிட 4 ஜிபி இரண்டு மேலானது.

மதுரையில் பழைய உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றிலிருந்து 4 ஜிபி ரேம் இரண்டை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்3 ரேம்களில் ஒரு வகை ஏஎம்டி மதர்போர்டில் மட்டும் வேலை செய்யும்; இன்டெல் பலகையில் மாட்டினால் கணினி உயிர்பெறாது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு எளிதில் தெரியாது என்பதால், இன்டெல் எச்61ல் போடப் போகிறேன் என்று சொல்லி, மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே பணம் கொடுத்தேன். மாட்டிய பிறகு அதே பாடத்தில் கிராபிக்ஸ் தவறவிட்டவை 9. அந்த ஒன்பதும் பதிவு தொடங்கிய முதல் வினாடியில் வந்தவை.

பிராசஸர்

720 வரி அளவில் பாடம் இப்போது சீராகப் பதிவானது, இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அளவில் அளவுகோலின் மில்லிமீட்டர்க் கோடுகள் கலங்கித் தெரிந்தன. சமன்பாட்டில் கீழே இடும் சிற்றெண்களைக் கைபேசித் திரையில் வாசிக்க முடியவில்லை. 1080 வரி வேண்டும் என்று டீச்சர் கேட்டது நியாயமானது. புள்ளிகளின் எண்ணிக்கையில் அது 2.25 மடங்கு வேலை.

பணம் செலவழிப்பதற்கு முன் அமைப்பை மாற்றிப் பார்த்தேன். இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புபவருக்குக் கோப்பு சிறியதாக இருக்க வேண்டும்; ஆகவே என்கோடர் அதிகம் சிந்தித்துச் சுருக்க வேண்டும். வீட்டில் பதிவு செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எக்ஸ்264 என்கோடரை வெரிஃபாஸ்ட் அமைப்பிலிருந்து, இன்னும் குறைவாகச் சிந்தித்து விரைவாக முடிக்கும் சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு மாற்றி, தரத்தை உயர்த்தி, கோப்பு பெரிதாகட்டும் என்று விட்டுவிட்டேன். 20 நிமிடப் பாடம் 1.5 ஜிபி வரை வந்தது. இரவில் கணினியை ஹேண்ட்பிரேக் மென்பொருளிடம் ஒப்படைத்தால் நிதானமாக அதைச் சுருக்கிக் காலைக்குள் பென்டிரைவுக்கு ஏற்ற அளவில் தந்துவிடும். இந்த ஏற்பாட்டில் ஐ3 பிராசஸர் 1080 வரியில் 540 பிரேம்களைத் தவிர்த்தது, ஒன்றரை விழுக்காடு. வேறு பாடத்துக்கு இதுவே போதும் என்று சொல்லியிருப்பேன். ஊசலுக்குப் போதாது, ஏனென்றால் தவறும் பிரேம் குண்டு நடுக்கோட்டைக் கடக்கும் அந்தக் கணத்திலேயே விழக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கி அதிலுள்ள தனி என்கோடரிடம் வேலையைக் கொடுப்பது ஒரு வழி. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பழைய கணினிக்கு ஏற்றது என்று கடைகளில் பரிந்துரைக்கப்படும் ஜிடி 1030 கார்டில் வீடியோ என்கோடரே கிடையாது. ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டில் உண்டு. அது 60 வாட்டுக்குள் இயங்கும். ஆனால் பழைய சந்தையில் கிடைக்கும் கார்டு எத்தனை ஆண்டு எந்தச் சூட்டில் உழைத்தது என்று தெரியாமல், இந்த உப்புக்காற்றில் சுழலும் இன்னொரு ஃபேனையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அதே தலைமுறையின் கோர் ஐ5 2400 பிராசஸரைத் தேர்ந்தேன். பழையது 1,900 ரூபாய். வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ் என்று சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் அதில் நான்கு உண்மையான கோர்கள் உண்டு. எக்ஸ்264 வேலையை நான்குக்கும் பகிர்ந்து கொடுக்கும். அடுத்த தலைமுறையின் ஐ5 3470ம் அதே துளையில் பொருந்தும்; ஆனால் பழைய எச்61 பலகையில் அதற்குப் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், பலகையிலேயே பதிந்த மென்பொருள்) புதுப்பிக்க வேண்டியிருக்கும், புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் பலகையே போய்விடும். 2400 அந்த இடரைக் கேட்கவில்லை. பலகையைச் செய்த நிறுவனத்தின் பட்டியலில் அதன் பெயர் இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன்.

ஒரு திருத்தம் கட்டாயம் தேவைப்பட்டது. ஐ3 65 வாட், ஐ5 95 வாட். ஐ3யோடு வந்த மெல்லிய ஹீட் சிங்க் இதற்குப் போதாது. நடுவில் செம்புத் தண்டு உள்ள பெரியதை 700 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றினேன். பழையதைத் திறந்தபோது கெபாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது. பிராசஸர் மாற்றாவிட்டாலும் அது மாற்ற வேண்டியதுதான், விலை 2,200.

1080 வரி, 30 பிரேம், வெரிஃபாஸ்ட் அமைப்பில் மூன்று முறை 20 நிமிடப் பதிவு. பிராசஸர் உழைப்பு 65 விழுக்காட்டை ஒட்டி நின்றது. மூன்றிலும் என்கோடர் தவிர்த்தவை பூச்சியம்.

எஞ்சியவை

எஸ்எஸ்டி ஒன்றும் இறுதியில் வாங்கினோம், 1,700 ரூபாய். வேகத்துக்காக அன்று, 13 ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க்கை நம்பி விண்டோஸை வைத்திருக்க வேண்டாம் என்பதற்காக. எச்61 பலகையில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா பாதையின் வேகம் வினாடிக்கு 3 கிகாபிட்தான். ஆகவே விலையுயர்ந்த எஸ்எஸ்டியின் வேகம் இங்கே வீணாகும். பாடங்களின் ஒரு படி பழைய டிஸ்க்கிலும் இன்னொரு படி வெளி டிஸ்க்கிலும் இருக்கின்றன.

யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் மின்கலம் 950 ரூபாய்க்கு மாற்றப்பட்டது. அதோடு பதிவுக் கோப்பை எம்பி4லிருந்து எம்கேவிக்கு மாற்றினேன். எம்பி4ன் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் 19 நிமிடப் பாடமும் திறக்காத கோப்பாகக் கிடக்கும். எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைத்திருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். டீச்சர் இப்படி இரண்டு பாடங்களை மே மாதத்தில் இழந்திருந்தார்.

கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோட்டால் எழுதும் பழக்கத்தையும் அவர் விட்டார். வழக்கமான வீடியோச் சுருக்கத்தில் நிறத்தின் விவரம் ஒளியின் விவரத்தில் கால் பங்கே சேமிக்கப்படுவதால், மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து தெரியும். வெள்ளை கசிவதில்லை; மஞ்சளில் கசிவு அவ்வளவாகத் தெரிவதில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தன. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை ஏற்பதில்லை. ஆகவே இந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டோம். பாடங்கள் ஏற்கெனவே பென்டிரைவில்தான் பயணம் செய்கின்றன என்பதால் டீச்சருக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை. விளக்கு 350 ரூபாய் உட்பட மொத்தச் செலவு 9,300 ரூபாய்.

ஆகஸ்ட் மாத இறுதியில் ஊசல் சோதனை மீண்டும் படமாயிற்று. இம்முறை ஒரு அலைவுக்குப் பதிலாகப் பத்து அலைவுகளின் பிரேம்களை எண்ணச் சொன்னார் டீச்சர். விடை அனுப்பிய 11 பேரில் 10 பேருக்கு 9.75க்கும் 9.86க்கும் இடையில் வந்தது. ஒருவனுக்கு மட்டும் 10.0. வீடியோவில் மறுபடியும் ஏதாவது கோளாறா என்று டீச்சர் எனக்கு அழைத்தார். நான் அவனுடைய எண்ணிக்கையைப் பிரேம் பிரேமாகச் சரிபார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. நீளத்தை அவன் 1.02 மீட்டர் என்று போட்டிருந்தான். படத்தில் அளவுகோலின் மில்லிமீட்டர்க் கோடுகள் இப்போது தெளிவாகத் தெரிவதால், குண்டின் அடிப்பகுதி நிற்கும் இடத்தைச் சரியாகவே வாசித்திருக்கிறான். குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்பதைத்தான் மறந்திருக்கிறான். குண்டின் ஆரம் 2 சென்டிமீட்டர். அடுத்த பாடத்தின் முதல் ஐந்து நிமிடங்களை டீச்சர் அதற்காகவே பதிவு செய்தார்.